சாக்லேட் தின்றால் எடை குறையுமா?



'சாக்லேட் சாப்பிட்டால் உடல் எடை சீக்கிரம் குறையும்' என்று பேப்பரில் செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்? கத்தரித்து எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் ஓடமாட்டீர்களா?

2015ம் ஆண்டு நிஜமாகவே அப்படி ஒரு செய்தி வந்தது. ஜெர்மனியின் 'பில்ட்' நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டது. அங்கிருந்து 20க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. இரண்டு மாதம் கழித்து, ஆய்வை நடத்திய ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளரே உண்மையைப் போட்டு உடைத்தார். உடல்நலச் செய்திகளை எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறார்கள் என்று பார்க்கத்தான் அந்த வேலை!

வேடிக்கை என்னவென்றால், ஆய்வு நடந்தது உண்மை. ஆட்களைச் சேர்த்தார்கள், மூன்று வாரம் எடை பார்த்தார்கள். சாக்லேட் தின்ற குழுவுக்கு எடை கொஞ்சம் வேகமாகக் குறைந்ததும் உண்மைதான். அப்புறம் தவறு எங்கே?

கணக்கில் வந்தவர்கள் மொத்தமே 15 பேர். அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். உங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் கூட்டம்தான் ஒரு குழு! அந்த ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் எடை ஒரு கிலோ ஏறினால் சராசரி எவ்வளவு மாறும்? 200 கிராம். ஒரு கிலோ என்பது தண்ணீர் குடிப்பதிலும் சாப்பிடுவதிலும் ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடியது.

இன்னொரு தந்திரமும் உண்டு. அவர்கள் எடையை மட்டும் பார்க்கவில்லை. கொழுப்பு, தூக்கம், ரத்தத்தில் புரதம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். 18 தூண்டில் போட்டால் ஏதாவது ஒன்றில் மீன் மாட்டாதா? தூக்கத்தில் மாட்டியிருந்தால், 'நல்ல தூக்கத்துக்கு சாக்லேட்' என்று தலைப்பு வந்திருக்கும். பொஹானன் டாக்டர் பட்டம் வாங்கியவர்தான். ஆனால், அது பாக்டீரியா பற்றிய ஆராய்ச்சிக்காக, உணவுக்காக அல்ல. 'எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்?' என்று கேட்ட நிருபர்கள் அநேகமாக யாருமே இல்லை.

சாக்லேட் விஷயம் சிரிப்போடு போயிற்று. ஆனால், 'அரிசிச் சோறே ஆகாது', 'இந்தப் பவுடரைக் கலந்து குடித்தால் உயரமாகலாம்' என்று தினமும் ஏதாவது வருகிறதே! அதை நம்பி, வளர்கிற வயதில் சாப்பாட்டைக் குறைத்தால் கஷ்டப்படப்போவது உங்கள் எலும்பும் ரத்தமும்தான். பல ஆய்வுகள் பெரியவர்களிடம் மட்டுமே செய்யப்பட்டவை என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உடல்நலச் செய்தி ஒன்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள், என்ன வயது, யாரோடு ஒப்பிட்டார்கள், பணம் கொடுத்தது யார் என்ற ஐந்துக்கும் பதில் தேடி, சிவப்புப் பென்சிலால் கோடு போடுங்கள். நம் பேப்பரில் வந்த செய்தியானாலும் சரி, விடாதீர்கள்! கோடு போட இடமே கிடைக்கவில்லையா? அந்தச் செய்திக்காக இட்லித் தட்டைத் தள்ளி வைக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்