பாய்மரக் கப்பலும் பனியன் துணியும்



உங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் அறிவியல் கண்காட்சி நடக்கிறதல்லவா? மேசைமீது எரிமலை, காற்றாலை, நீர்மின் நிலையம், ஏவுகணை என்று மாதிரிகள் வரிசையாக நிற்கும். அவற்றுள் மாணவர்கள் தம் கையால் செய்தவை எத்தனை? கடையில் பணம் கொடுத்து வாங்கியவை எத்தனை? விடை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆசிரியருக்கும் தெரியும். நடுவராக வரும் என் போன்றோருக்கும் தெரியும். ஆனாலும் பளபளப்பாக இருப்பதற்கே பரிசு போய்ச் சேருகிறது. அப்படிப் பரிசு கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அது தவறு என்று எனக்கு உணர்த்தியது ஒரு சிறிய மரக்கப்பல். அந்தக் கதையைச் சொல்கிறேன். பிறகு என் கருத்தையும் சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

பெட்டியில் வந்த கப்பல்

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் எனக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே மெல்லிய மரப்பட்டைகள், நூற்கண்டுகள், பித்தளை ஊசிகள், பாய்க்கு வெள்ளைத் துணி, பெரிய வரைபடத் தாள் ஆகியவை இருந்தன. இதைக் 'கிட்' என்பார்கள். எல்லாவற்றுக்கும் எண் இட்டிருக்கும். எண்ணைப் பார்த்து ஒட்டிக்கொண்டே போனால், 3 பாய்மரங்கள் கொண்ட பழங்காலக் கப்பல் உருவாகிவிடும். உண்மைக் கப்பலின் நீளத்தில் 50-இல் ஒரு பங்கு.

முதலில் ஏரா என்னும் அடிக்கட்டையை நேராக நிறுத்த வேண்டும். அது கப்பலின் முதுகெலும்பு. அதன் குறுக்கே வங்குகளைப் பொருத்த வேண்டும். அவை விலா எலும்புகள். வங்குகளின் மேல் மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்ட வேண்டும். காய்ந்த பட்டையை வளைத்தால் 'படக்' என்று முறியும். வெந்நீரில் ஊற வைத்தால் வளையும். மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டிலும் ஈரத்திலும் இளகுவதே காரணம். ஆறிக் காய்ந்ததும் வளைந்த நிலையிலேயே இறுகிவிடும். பிறகு பாய்மரம், அதன் குறுக்கே பருமல், அவற்றைக் கட்டி நிறுத்தும் நூற்கயிறுகள்.

இரவில் ஒரு மணி நேரம் வீதம் 11 மாதங்கள் உழைத்தேன். கப்பல் அழகாக அமைந்தது. கண்ணாடி அலமாரியில் வைத்தேன். வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள்.

"இது மிதக்குமுங்களா, சார்?"

ஒருநாள் பக்கத்து வீட்டு மாணவி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிப்பவள். அவளுடைய அம்மா பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறார். கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது மிதக்குமுங்களா, சார்?" என்று கேட்டாள்.

20 ஆண்டுகளாக ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நடத்துபவன் நான். "மரம்தானே அம்மா, மிதக்காமல் என்ன?" என்றேன். கொல்லையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு இருவரும் கப்பலைத் தூக்கிச் சென்றோம். கையை விட்டதும் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது. பாய்கள் தண்ணீரில் விழுந்து நனைந்தன.

அவள் சிரிக்கவில்லை. "ஏனுங்க சார் சாஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. எண் 1 முதல் கடைசி எண் வரை நான் பிழையின்றி ஒட்டியிருந்தேன். ஆனால் எந்தப் பகுதி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்காகச் சிந்திக்கும் வேலையை எல்லாம் பெட்டியைத் தயாரித்தவரே செய்து முடித்திருந்தார்!

50-இல் ஒரு பங்கு என்றால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீளம் 50-இல் ஒரு பங்கு என்றால் அகலமும் உயரமும் அப்படியே. ஆகவே கன அளவு 50 x 50 x 50, அதாவது 1,25,000-இல் ஒரு பங்கு. உண்மைக் கப்பலின் எடை 500 டன், அதாவது 5,00,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக் கப்பல் அதே அளவு அமிழ்ந்து மிதக்க 4 கிலோ எடை இருக்க வேண்டும். என் கப்பலைத் தராசில் வைத்தோம். 1.4 கிலோதான் இருந்தது.

பழங்காலக் கப்பல்களின் அடித்தளத்தில் கற்களை நிரப்புவார்கள். அந்தப் பாரம் கப்பலின் ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கும். கப்பல் சாயும்போது அது விலக்கும் நீரின் வடிவம் மாறி, மிதப்பு விசை சாய்ந்த பக்கமாக நகரும். ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் இந்த இரு விசைகளும் சேர்ந்து கப்பலை நிமிர்த்தும். மிக உயரமாக இருந்தால் அதே இரண்டு விசைகளும் கப்பலைக் கவிழ்க்கும். என் கப்பலில் பாய்மரமும் பருமல்களும் மேலே இருந்தன. கீழே பாரம் எதுவும் இல்லை.

மாதக்கணக்கில் இழைத்த மேல்தளத்தை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அறுத்தேன். உள்ளே வார்னிஷ் பூசி, பழைய இரும்பு நட்டுகளை 2.6 கிலோ எடைக்கு அடுக்கினோம். கப்பல் நேராக நின்றது! ஆனால் மேசை மின்விசிறியை வைத்துக் காற்று விட்டதும் மறுபடியும் சாய்ந்தது.

ஏன்? காகிதத்தை எடுத்து நீங்களும் என்னுடன் கணக்கிடுங்கள். காற்றின் விசை பாயின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 2,500-இல் ஒரு பங்கு. விசை தள்ளும் உயரம் 50-இல் ஒரு பங்கு. ஆகவே கவிழ்க்கும் திருப்பு விளைவு 1,25,000-இல் ஒரு பங்கு. நிமிர்த்தும் திருப்பு விளைவோ எடையைப் பொறுத்தது. எடை 1,25,000-இல் ஒரு பங்கு. விசைகளுக்கு இடையே உள்ள தூரம் 50-இல் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் 62,50,000-இல் ஒரு பங்கு. அதாவது, ஒரே காற்றில் பெரிய கப்பலைவிடச் சிறிய கப்பல் 50 மடங்கு எளிதாகச் சாயும்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே விசையை 50 மடங்கு குறைக்க வேண்டுமானால் வேகத்தை 50-இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 7 மடங்கு குறைக்க வேண்டும். மின்விசிறியின் காற்று வினாடிக்கு 3 மீட்டர் என்றால், அது பெரிய கப்பலுக்கு வினாடிக்கு 21 மீட்டர் காற்று; மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல். தென்றல் என்று நினைத்து நான் விட்டது புயல்!

கப்பல் எழுப்பும் அலைகளுக்கும் இதே வர்க்கமூலக் கணக்கு பொருந்தும். இதைக் கண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் புரூடு (1810-1879) என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870-களில் டார்கி என்ற ஊரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்து, பெரிய கப்பல் சந்திக்கும் தடையைக் கணக்கிட்டார். இன்றும் கப்பல் ஆய்வுக்கூடங்கள் அந்த வழியில்தான் செல்கின்றன.

பனியன் துணி சொன்ன பாடம்

நனைந்த பாய்கள் கறை படிந்துவிட்டன. திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? கட்டிங் வேஸ்டிலிருந்து நல்ல வெள்ளைப் பனியன் துணியை எடுத்துப் பாய் தைத்துக் கட்டினேன். காற்றுப் பட்டதும் அது பை போலத் தொங்கிப் புடைத்தது. மறுநாள் அந்த மாணவி வந்து சொன்னாள்: "பனியன் துணி இழுத்தா வருமுங்க, சார். காடாத் துணியிலதான் தைக்கோணும்னு அம்மா சொன்னாங்க."

அந்த அம்மா இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் சொன்னது சரியான இயற்பியல். பனியன் துணி கண்ணிக்குள் கண்ணி கோத்துப் பின்னப்படுவது. இழுத்தால் நூல் நீள வேண்டியதில்லை; கண்ணியின் வடிவம் மாறினாலே போதும், துணி நீண்டுவிடும். பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் நெய்யும் காடாத் துணியில் பாவு நூலும் ஊடை நூலும் செங்குத்தாகக் குறுக்கிடுகின்றன. பாவின் திசையில் இழுத்தால் நூலே நீள வேண்டும், அது எளிதன்று. ஆனால் அதே துணியை மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள். சதுரங்கள் சாய்சதுரங்களாக மாறித் துணி நீளும். பாய் தைப்பவர்கள் நூலின் திசையைப் பார்த்துத் துணி வெட்டுவது இதனால்தான். பக்கக் காற்றில் பாய் விமானத்தின் இறக்கை போல வேலை செய்கிறது. அதன் வளைவு ஒவ்வொரு காற்றுக்கும் மாறிக்கொண்டிருந்தால் கப்பல் ஒழுங்காகச் செல்லாது.

இதை நீங்களே சோதிக்கலாம். 20 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் 3 துண்டுகள் வெட்டுங்கள்: பனியன் துணி ஒன்று, பாவின் திசையில் வெட்டிய காடா ஒன்று, மூலைவாட்டில் வெட்டிய காடா ஒன்று. ஒவ்வொன்றிலும் 200 மி.லி. தண்ணீர் நிரப்பிய ஒரே புட்டியைத் தொங்கவிட்டு, நீட்சியை அளவுகோலால் அளந்து அட்டவணை இடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

கேட்காத பதிலும் கேட்ட பதிலும்

ஸ்வீடன் நாட்டில் 'வாசா' என்ற பெரிய போர்க்கப்பலைக் கட்டினார்கள். புறப்படும் முன் 30 பேரை மேல்தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் பயங்கரமாக ஆடியது. உடனே சோதனையை நிறுத்தினார்கள், கப்பலை நிறுத்தவில்லை! 1628 ஆகஸ்ட் 10 அன்று அது ஏறத்தாழ 1,300 மீட்டர் தூரம் சென்று, லேசான காற்றிலேயே சாய்ந்து மூழ்கியது. 1961-இல் வெளியே எடுக்கப்பட்ட அக்கப்பலை இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் காணலாம்.

நம் நாட்டில் நடந்த இன்னொன்றைப் பாருங்கள். அஜந்தா குகையில் 5-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் ஒரு பாய்மரக் கப்பல் இருக்கிறது. அதைப் பார்த்து உண்மைக் கப்பல் கட்ட இந்தியக் கடற்படை முன்வந்தது. வரைபடம் கிடையாது, அளவுகள் கிடையாது. கேரளத்துக் கைவினைஞர் பாபு சங்கரனின் தலைமையில், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, ஏறத்தாழ 20 மீட்டர் நீளக் கப்பலைக் கோவாவில் கட்டினார்கள். அதன் உடல் நீரில் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையுடன் சேர்ந்து மாதிரியை வைத்துச் சோதனை செய்தார்கள். 2025 மே மாதம் அதற்குக் 'கவுண்டின்யா' என்று பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து எஞ்சின் இல்லாமல் புறப்பட்டு, அடுத்த மாதம் ஓமான் நாட்டின் மஸ்கட்டை அடைந்தது. நார்க்கயிற்றால் தைக்கத் தெரிந்த கையும் தொட்டியில் அளக்கத் தெரிந்த கணக்கும் சேர்ந்ததால்தான் இது முடிந்தது.

என் கருத்து

கிட் வாங்கிச் செய்வதை நான் குறை கூறவில்லை. வரைபடத்தைப் படிக்கவும், வரிசை தவறாமல் வேலை செய்யவும், பொறுமையாக இருக்கவும் அது கற்றுக் கொடுக்கும். ஆனால் அது முதற்படிதான். செய்து முடித்த மாதிரியைச் சோதிக்காமல் அலமாரியில் வைத்தால் அது அலங்காரப் பொருள், அறிவியல் அன்று. கடையில் வாங்கிய மாதிரிக்கோ அந்தப் பெருமைகூட இல்லை.

"இதற்கெல்லாம் நேரம் ஏது? தேர்வுக்கு இது வருமா?" என்று உங்கள் பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் பலர் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள். ஆனால் திருகு அளவியைக் கையில் கொடுத்தால் திகைக்கிறார்கள். அளவு எதிர்பார்த்தபடி வராவிட்டால், ஏன் என்று தேடாமல் பக்கத்து மாணவரின் எண்ணைப் பார்த்து எழுதுகிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தவறிப்போவதற்கு அவர்களுக்கு யாரும் வாய்ப்பே கொடுக்கவில்லை.

ஆகவே பள்ளிகளுக்கு ஒரு யோசனை சொல்வேன். கண்காட்சியில் ஒவ்வொரு மாதிரியின் பக்கத்திலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். என்ன சோதித்தோம், என்ன அளந்தோம், எது தவறியது, எதை மாற்றினோம் என்று மாணவர் தம் கையால் எழுதியிருக்கட்டும். பாதி மதிப்பெண் அந்தக் குறிப்பேட்டுக்குப் போகட்டும்.

உங்களுக்கும் ஒன்று சொல்வேன். கடையில் கிடைக்கும் கிட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பல்கள். நம்மிடம் கப்பல் இல்லாமலா போயிற்று? தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்து இலங்கைக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938-இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. படத்தைப் பார்த்து நீங்களே வரையுங்கள். பெட்டிப் பலகை, மூங்கில் குச்சி, கோன் நூல், காடாத் துணி, இரும்பு நட்டு ஆகிய எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கும். சந்தேகம் வந்தால் உங்கள் வீட்டிலேயே கேளுங்கள். தறி ஓட்டும் அப்பாவுக்கும் மெஷின் ஓட்டும் அம்மாவுக்கும் துணியைப் பற்றியும் நூலைப் பற்றியும் தெரிந்தவை உங்கள் பாடநூலில் இல்லை. ஏன் அப்படி என்ற கேள்விக்கு விடை காண்பதுதான் உங்கள் பங்கு.

என் கப்பலின் மேல்தளத்தில் இன்று அறுத்த தழும்பு இருக்கிறது. பாய் பழுப்புக் காடாத் துணி. அடிக்கட்டையின் கீழே, பாரத்துக்காக நாங்கள் கட்டிய இரும்புக் கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது. கண்காட்சியில் வைத்தால் பரிசு கிடைக்காது. ஆனால் மின்விசிறியைச் சற்றுத் தள்ளி மெதுவாக ஓடவிட்டால், தொட்டியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நிமிர்ந்தபடியே போய்ச் சேருகிறது.

உங்கள் கப்பலையும் தொட்டியில் விடுங்கள். சாய்ந்தால் ஏன் சாய்ந்தது என்று முதலில் எழுதி வையுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.