மருந்து வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை

மாண்புமிகு கேரள சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மட்டாஞ்சேரியில் சில தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண் நான். மலையாளத்தில் பேசுவேன், சண்டை போடுவேன், பத்திரிகை படிப்பேன். மனசில் கிடப்பதை எழுத உட்கார்ந்தால் தமிழ்தான் வருகிறது. தலைமைச் செயலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமிருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்களில் பலருக்கு வலி தானாக வருவதில்லை. மருந்து கொடுத்து வரவழைக்கிறார்கள். எங்கள் தெருவில் ‘மருந்து வெச்சாச்சு’ என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். எதற்காக வைத்தார்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும், வலி எப்படி இருக்கும், பலிக்காவிட்டால் அடுத்தது என்ன என்று உள்ளே படுத்திருக்கும் பெண்ணுக்கும் தெரியாது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு மருந்து வையுங்கள், கூட ஒரு ஆளை இருக்க விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

குறை சொல்லும் முன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018–20 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், கேரளத்தில் 19. இது தற்செயலாக வந்ததல்ல. கேரள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல், பிரசவத்தில் இறந்த ஒவ்வொரு தாயின் கதையையும் பெயர் மறைத்து, யாரையும் கூண்டில் ஏற்றாமல், எங்கே தவறியது என்று உட்கார்ந்து பார்க்கிறது. இந்தியாவில் அதற்குமுன் எந்த மாநிலமும் அப்படிச் செய்ததில்லை. ரத்தப்போக்குக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன செய்யவேண்டும் என்ற தரநெறிகளைப் பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டி நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்ததும் இதே மாநிலம்தான். இறந்தவர்களைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டீர்கள். உயிரோடு வீடு திரும்பியவளிடம் ‘உள்ளே எப்படியம்மா இருந்தது’ என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

என் மகளுக்கு இந்த நகரத்து மருத்துவமனை ஒன்றில்தான் தலைப்பிரசவம். பெயர் வேண்டாம், திறமையான டாக்டர்கள், தாயும் சேயும் நலம். நாள் தள்ளிப்போனதால் அவளைச் சேர்த்தோம். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள், காலையில் ஜெல் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் பேரப்பிள்ளையைப் பார்த்துவிடலாம் என்று நாங்கள் பிளாஸ்க்கில் காப்பியோடு காத்திருந்தோம். மறுநாளும் சாயங்காலம் வந்தது, பிள்ளை வரவில்லை. உள்ளே அவள் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அழுதிருக்கிறாள். வெளியே எங்கள் உறவுக்காரி ஒருத்தி, இந்தக் காலத்துப் பெண்களுக்குத் திராணி போதாது என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். கோளாறு எதுவும் இல்லை. தலைப்பிரசவத்தில் மருந்து வைத்தால் ஒரு பகல் ஒரு இரவு ஆவது சாதாரணம், அதற்கு மேலும் ஆகலாம். இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அவள் அழுதிருக்க வேண்டாம்.

ஏன் அவ்வளவு நேரம்? வலி மட்டும் வந்தால் போதாது. அதற்கு முன் கருப்பை வாய் மெலிந்து, மிருதுவாகி, விரல் நுழையும்படி திறக்கவேண்டும். எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964-ல் இதற்கு ஒரு மதிப்பெண் முறையைக் கொடுத்தார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, கெட்டியா மிருதுவா, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையெல்லாம் கூட்டி 13-க்கு மதிப்பெண். இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் பார்க்கிறார்கள். மதிப்பெண் குறைவாக இருந்தால் முதலில் வாயைப் பழுக்க வைக்கவேண்டும். அதற்கு ஜெல் வைப்பார்கள், அல்லது மைசோப்ரோஸ்டால் மாத்திரையைச் சிறு அளவில் கொடுப்பார்கள், அல்லது ஃபோலி குழாயின் முனையில் உள்ள பலூனை உள்ளே வைத்து நீர் ஏற்றுவார்கள். மாத்திரையை வாய்வழியாக 25 மைக்ரோகிராம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருப்பை வாய் பழுத்த பிறகுதான் பனிக்குடம் உடைப்பதும் ஆக்சிடோசின் டிரிப் போடுவதும். இத்தனை படிகள் உண்டு என்று தெரியாதவள் முதல் படியிலேயே பிள்ளையை எதிர்பார்ப்பாள்.

நம் நாட்டிலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில், ரத்த அழுத்தம் ஏறிய 602 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கும், பலூன் வைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனது. இரண்டில் மேலான முறையிலும் நூறில் நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு நாளுக்குள் அப்படி முடியவில்லை. டாக்டர்களுக்கு இது பாலபாடம். பெஞ்சில் இருப்பவர்களுக்கு மட்டும் ஏன் ரகசியமாக இருக்கவேண்டும்?

மருந்து வைப்பதே தப்பு என்று வாதாட நான் வரவில்லை. 41 வாரம் தாண்டினால், ரத்த அழுத்தம் ஏறினால், சர்க்கரை இருந்தால், பனிக்குடம் உடைந்தும் வலி வராவிட்டால், காத்திருப்பதுதான் ஆபத்து. வலி ஊசியான ஆக்சிடோசினை ‘மாட்டுக்குப் போடுகிற ஊசி’ என்று பயப்படுகிறவர்கள் இன்னும் உண்டு. அந்தப் பயத்துக்கு அரசும் ஒரு கை கொடுத்தது. மாடுகளுக்குத் தவறாகப் போடுகிறார்கள் என்று சொல்லி, தனியார் கம்பெனிகள் ஆக்சிடோசின் தயாரிக்கவே 2018-ல் மத்திய அரசு தடை போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தித் தாயைக் காப்பதும் அந்த மருந்துதான் என்ற பேச்சு ஊர்வாயில் கடைசிவரை ஏறவில்லை.

மருந்து வைத்தால் கட்டாயம் சிசேரியன்தான் என்பது இன்னொரு நம்பிக்கை. அமெரிக்காவில் ஆபத்து ஏதும் இல்லாத, முதல் குழந்தை சுமந்த 6,106 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. 39-வது வாரத்தில் மருந்து வைக்கும் பிரிவில் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்த பிரிவில் 22.2 சதவீதம். இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே எல்லோருக்கும் 39-ல் மருந்து வைக்கலாம் என்பவர்களை நான் நம்பமாட்டேன். அந்த ஆய்வில் மருந்து பலிக்கப் பொறுமையாக நேரம் கொடுத்தார்கள்; நெரிசலான வார்டில் அந்தப் பொறுமைக்குக் கட்டில் வேண்டும், ஆள் வேண்டும். எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் லீவு முடிகிறது, நல்ல நட்சத்திரம் நாளையோடு போய்விடுகிறது என்றெல்லாம் சொல்லி டாக்டரை நச்சரிக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. காரணத்தைத் தாளில் எழுதவேண்டும் என்று வந்தால் அந்த நச்சரிப்பும் அடங்கும்.

வலியைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. தானாக வரும் வலி மெல்ல ஏறும். வீட்டில் சூட்டு வலியா பிள்ளை வலியா என்று சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்துப் பார்ப்பார்கள்; பெண் எழுந்து நடப்பாள், சுவரைப் பிடித்து நிற்பாள், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். டிரிப் போட்ட வலிக்கு அந்தத் தாராளம் கிடையாது. அடுத்தடுத்து வரும், மூச்சுவிட இடைவெளி குறைவு. கையில் ஊசி, வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் பட்டை, அவள் பெரும்பாலும் மல்லாந்தே கிடக்கிறாள். இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்து படுப்பவளுக்கும், தெரியாமல் படுப்பவளுக்கும் வலி ஒன்றுதான், பயம் ஒன்றல்ல. கேட்கும் பெண்ணுக்கு எபிடூரல் உள்ளிட்ட வலி நிவாரணம் தரலாம் என்று 2018-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆபத்து இல்லாத பிரசவத்தில் ஆகாரமும் தண்ணீரும் கொடுக்கலாம் என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க நீளும் வேலைக்கு வெறும் வயிற்றோடு யாரும் போவதில்லை. எங்கள் பஜார் ரோட்டுக் கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைக்கிற பெண்கள்கூட கஞ்சி குடித்துவிட்டுத்தான் முறத்தைத் தொடுவார்கள்.

அடுத்தது துணை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம். மத்திய அரசும் 2016-ல் நாடு முழுதுக்கும் அதைச் சொன்னது: பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுப் பெண் ஒருத்தி, தொற்றுநோய் இல்லாதவள், கடைசிவரை கூட இருக்கலாம். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இடைவிடாமல் ஒரு ஆள் கூட இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. கேரளத்தில் இதை நடத்துகிற இடங்கள் இருக்கலாம். எல்லாப் பிரசவ அறையிலும் கேட்காமலே கிடைக்கிற வழக்கமாக அது ஆகவேண்டும். இடம் போதாது, பக்கத்துக் கட்டில்காரிக்கு மறைவு இருக்காது என்பார்கள். திரைச்சீலை போட்டால் தீரும் பிரச்சினை அது. பிரசவ அறைத் தரத்துக்காக 2017-ல் வந்த லக்ஷ்யா திட்டத்திலேயே அந்த மறைவும் மரியாதையும் பேசப்பட்டிருக்கின்றன.

இங்கேதான் மட்டாஞ்சேரியைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. நடக்கிற தூரத்துக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், தெலுங்கு, மராத்தி, உருது எல்லாம் வீட்டு மொழியாகப் பேசும் ஊர் இது. இப்போது வங்காளமும் இந்தியும் பேசும் தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்துவிட்டன. கடைத்தெருவில் எல்லோருக்கும் மலையாளம் வரும். வலியில் வராது. இடுப்பு வெடிக்கும்போது ஒருத்திக்கு அம்மா சொல்லிக்கொடுத்த மொழிதான் வாயில் வரும். ஆங்கிலத் தாளில் அவள் போட்ட கையெழுத்து எதற்குச் சம்மதம் என்று அவளுக்கே தெரியாது. தவிரவும், இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்தால் தோப்பும்படி பாலமும் வெண்டுருத்திப் பாலமும் தாண்டி எர்ணாகுளம் போகவேண்டும். ஆம்புலன்ஸ் நெரிசலில் நிற்கும்போது எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல் போவது தனிக் கொடுமை.

நான் கேட்பது இரண்டு தாள். முதல் தாள் கர்ப்பிணிக்கு. ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே தாய்–சேய் அட்டையோடு அவள் மொழியில் கையில் கொடுங்கள். எந்தக் காரணங்களுக்கு மருந்து வைப்பார்கள், என்னென்ன படிகள், எத்தனை நேரம் ஆகலாம், வலிக்கு என்ன வழி, பலிக்காவிட்டால் என்ன, யார் கூட இருக்கலாம், காத்திருக்கலாமா என்று அவள் எப்படிக் கேட்கலாம் என்பது அதில் இருக்கட்டும். நாள் தள்ளிப்போனால் வீட்டிலேயே விளக்கெண்ணெய் குடிக்காதே என்றும் ஒரு வரி போடுங்கள். எங்கள் பாட்டிகள் இன்னும் ஓயவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லவேண்டும். அந்த வேலையை ஆஷா பெண்களின் தலையில் ஏற்றுவதானால் கூலியையும் சேர்த்து ஏற்றுங்கள். 2025-ல் அந்தக் கூலிக்காக மாதக்கணக்கில் உங்கள் செயலக வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது தாள் உங்களுக்கு. பிரசவங்களைப் பத்துப் பிரிவாகப் பிரித்துப் பார்க்கும் ராப்சன் முறை உங்கள் டாக்டர்களுக்குத் தெரியும். அதில் இரண்டாம் பிரிவின் முதல் பகுதி இதுதான்: முதல் குழந்தை, நாள் நிறைந்த ஒற்றைப் பிள்ளை, தலை கீழே, மருந்து வைத்து வலி வரவழைத்தவர்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும், தனியாரையும் சேர்த்து, அந்தப் பிரிவில் வருடத்துக்கு எத்தனை பேர், என்ன காரணம், அவர்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன் என்று வெளியிடச் சொல்லுங்கள். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் நூறு பிரசவத்தில் சுமார் 39 சிசேரியன். இந்தியாவுக்கு மொத்தமாகப் பார்த்தால் சுமார் 22. இந்த 39-ல் தேவையானது எது, அவசரப்பட்டது எது என்று அந்தத் தாள் வராமல் யாரும் சொல்லிவிட முடியாது.

மாநிலம் முழுதுக்கும் ஒரே நாளில் முடியாது என்றால் மட்டாஞ்சேரி பெண்கள் குழந்தைகள் அரசு மருத்துவமனையில் ஆரம்பியுங்கள். இத்தனை மொழியில் சரிபார்க்க வேறு நல்ல ஊர் உங்களுக்குக் கிடைக்காது. மொழிபெயர்க்க ஆள் இல்லை என்ற கவலை வேண்டாம். எங்கள் தெருக்களில் ஒவ்வொரு மொழிக்கும் பிள்ளை பெற்ற பெண்கள் இருக்கிறோம். கூப்பிட்டு அனுப்புங்கள், கூலி கேட்காமல் வந்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
மட்டாஞ்சேரித் தமிழ்ப் பெண் ஒருத்தி