மூன்று கோடிக்குப் பலகை உண்டு, மூன்றே முக்கால் லட்சம் கோடிக்கு?

கோரிக்கை மனு

பெறுநர்: மாண்புமிகு பேரவைத் தலைவர், தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, செயலாளர், சட்டமன்றப் பேரவைச் செயலகம், அரசுச் செயலாளர், நிதித் துறை.

பொருள்: வரவு செலவுத் திட்டம், மானியக் கோரிக்கைகள், சட்டமுன்வடிவுகள் ஆகியவை குறித்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தத்தம் தொகுதி மக்களுக்கு அறிக்கை அளிக்க வழிவகை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மாலை மழைக்கு ஒதுங்கப் பேருந்து நிழற்குடைக்குள் ஓடுகிறவர் நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரே வாசகந்தான். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்ட நிதி, மதிப்பீடு இத்தனை லட்சம், ஆண்டு இது, உறுப்பினர் பெயர் இது. கூரை ஒழுகும், எழுத்து மட்டும் மங்காது. ஆழ்துளைக் கிணற்றின் தொட்டியிலும், நியாயவிலைக் கடையின் நெற்றியிலும், பள்ளிச் சுற்றுச்சுவரிலும் அதே வாசகம் இருக்கும். இதைக் கேலி செய்வது மனு அளிக்கும் வாக்காளர் சங்கத்தின் நோக்கமன்று. பொதுப்பணம் எங்கே போயிற்று என்று சுவரிலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம். அந்தப் பழக்கம் ஏன் அந்தச் சுவரோடு நின்றுவிட்டது என்பதே சங்கத்தின் கேள்வி.

தொகுதி மேம்பாட்டு நிதி உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 234 உறுப்பினர்களுக்கும் சேர்த்தால் 702 கோடி. 2025-26ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மதிப்பிடப்பட்ட வருவாய்ச் செலவினம் மட்டும் 3,73,204 கோடி. ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு ரூபாய்கூடத் தேறாத ஒரு தொகைக்குத்தான் பெயர்ப்பலகை, திறப்பு விழா, நாளிதழ்ப் படம் எல்லாம். மீதி 998 ரூபாய்க்கும் அதே உறுப்பினர்தான் பேரவையில் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ குரல் கொடுக்கிறார். அந்தக் குரலின் கணக்கு எந்தச் சுவரிலும் இல்லை.

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அந்த வரவு செலவுத் திட்டத்தைப் பேரவையில் படித்தார். மறுநாள் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வந்தது. 2021 ஆகஸ்ட் முதல் நடந்துவரும் வழக்கம் அது. வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி, நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி, 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடி என்று உரை சொன்னது. மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. ஆனால் அந்த வாரம் தேநீர்க் கடைகளில் பேசப்பட்டது இதில் எதுவுமே இல்லை. அந்தத் திட்டத்தின் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதிலாக ‘ரூ’ என்ற எழுத்து இருந்ததைப் பற்றித்தான் வடக்கே தெற்கே என்று நாடெங்கும் வாதம் நடந்தது. எழுத்தைப் பற்றி எல்லோருக்கும் கருத்து இருந்தது. எண்களைப் பற்றித் தொகுதிக்கு ஒருவராவது வந்து பேசியிருந்தால், அவற்றைப் பற்றியும் மக்களுக்குக் கருத்து இருந்திருக்கும்.

புத்தகங்கள் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது, தமிழிலேயே. ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகள் எண் வாரியாகக் கிடைக்கின்றன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், அவை துறை வாரியாகவும் கணக்குத் தலைப்பு வாரியாகவும் எழுதப்பட்டவை. குடிமகன் வாழ்வது கணக்குத் தலைப்பில் அல்ல, ஒரு தெருவில். நெடுஞ்சாலைத் துறைக்கு எவ்வளவு என்று புத்தகம் சொல்லும். தன் ஊர்த் தரைப்பாலம் அதற்குள் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

தரைப்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். பேரவையில் அமைச்சர் அதை அறிவிக்கிறார். மேசைகள் தட்டப்படுகின்றன, மறுநாள் ஊரில் நன்றிச் சுவரொட்டி முளைக்கிறது. அறிவிப்புக்கும் பாலத்துக்கும் நடுவே இருக்கும் படிகளைச் சுவரொட்டி சொல்வதில்லை. பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க வேண்டும். நிர்வாக ஒப்புதலுக்கு அரசாணை வேண்டும். அதன்பின் தொழில்நுட்ப ஒப்புதல். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர் விட வேண்டும். விலை அதிகம் என்றோ ஒருவரே போட்டியிட்டார் என்றோ டெண்டர் ரத்தானால் மறுபடியும் முதலிலிருந்து. இடையில் நிலம் எடுக்க வேண்டியிருந்தால் அது தனிக்கதை. பணி ஆணை கொடுத்த பிறகும், செய்த வேலையை அளவுப் புத்தகத்தில் ஏற்றிப் பட்டியல் கருவூலத்துக்குப் போனால்தான் பணம் நகரும். மார்ச் 31க்குள் நகராத ஒதுக்கீடு அந்த ஆண்டோடு முடிந்துபோகும்; அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் கேட்டு வாங்க வேண்டும். “பாலம் என்னாச்சு?” என்று கேட்கிறவருக்கு “வந்துடும்” என்ற ஒற்றைச் சொல் விடையாகக் கிடைப்பது, இந்தப் படிகளில் எதில் அது நிற்கிறது என்று யாரும் பொதுவில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான். சொல்லிவிட்டால் பாதிக் கோபம் தணியும் என்பது சங்கத்தின் கணிப்பு. அப்போது மீதிப் பாதியாவது சரியான மேசைக்குப் போய்ச் சேரும்.

பேரவை விதி 110 இதை இன்னும் சிக்கலாக்குகிறது. பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருள் குறித்து அமைச்சர் அறிக்கை படிக்க அந்த விதி இடமளிக்கிறது. அதன்மீது விவாதம் கிடையாது. அந்த ஏற்பாடு, அடுத்தடுத்த ஆட்சிகளில் திட்டங்களை அறிவிக்கும் மேடையாகவே மாறிவிட்டது. கேள்வி கேட்க முடியாத அறிவிப்பு ஒன்றின் பின்கதையைக் கண்காணிக்கப் பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தக் குழு மாவட்டங்களுக்கு வருகிறது, அலுவலர்களைக் கேட்கிறது. ஆனால் தன் தொகுதி சார்ந்த உறுதிமொழிகள் எத்தனை நிலுவையில் உள்ளன என்ற பட்டியல் வாக்காளர் கைக்கு வருவதில்லை.

இதற்கெல்லாம் ஒரு நல்ல தொடக்கம் ஏற்கெனவே நிகழ்ந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நெடுநாளாகத் தீராத முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் தரும்படி கேட்டிருந்தார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு அதில் இல்லை. ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்ற திட்டத்தின் கீழ் நடந்த இந்த ஏற்பாடு, உண்மையில் தமிழ்நாட்டுக்குப் புதிய ஒன்று: ஓர் உறுப்பினர் தன் தொகுதிக்கு எது முதலில், எது பிறகு என்று எழுத்தில் சொல்லியாக வேண்டிய நிலை. தொகுதிக்குப் பத்து என்றால் மொத்தம் 2,340 கோரிக்கைகள்.

அந்தப் பத்து எவை என்று எந்தத் தெருமுனையிலாவது நின்று கேட்டுப் பாருங்கள். கடிதம் போனது முதலமைச்சரிடமிருந்து உறுப்பினருக்கு; பட்டியல் போனது உறுப்பினரிடமிருந்து ஆட்சியருக்கு. யாருடைய பத்துக் குறைகளோ அவர்கள் இந்த முக்கோணத்தில் எங்குமே இல்லை. பட்டியலில் எதைச் சேர்க்கலாம் என்று ஊர்க்கூட்டம் போட்டுக் கேட்கும் கட்டாயமும் இல்லை, சேர்த்ததைச் சொல்லும் கட்டாயமும் இல்லை.

பணத்தின் கதை இப்படி என்றால், சட்டத்தின் கதை அதைவிட மங்கல். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்தச் சட்டமுன்வடிவைப் பேரவை நிறைவேற்றியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24இல் தொழிற்சங்கங்களுடன் பேச்சு நடந்து முன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பதினோரு நாளில் ஒரு சட்டமுன்வடிவு பிறந்து மறைந்தது. ஓரகடத்திலோ ஓசூரிலோ வேலை பார்க்கும் தொழிலாளியிடம் அவருடைய தொகுதி உறுப்பினர் அந்த 21ஆம் தேதிக்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்தப் பதினோரு நாள் அலைச்சல் யாருக்கும் வந்திராது. அதே நாளில் நில ஒருங்கிணைப்புக்கான சட்டமுன்வடிவும் நிறைவேறியது. நீர்நிலைகள் அடங்கிய பெருந்திட்ட நிலங்களைப் பற்றிய சட்டம் அது. ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் விவசாயிகளில் எத்தனை பேர் அதன் பெயரையாவது கேட்டிருப்பார்கள்?

நீட் விலக்குச் சட்டமுன்வடிவின் பயணம் இன்னொரு வகை. 2021 செப்டம்பர் 13இல் நிறைவேறியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்ரவரி 8இல் சிறப்புக் கூட்டத்தில் மறுபடியும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரல் 4இல் முதலமைச்சர் பேரவையில் தெரிவித்தார். இந்த மூன்றரை ஆண்டில் எத்தனையோ பெற்றோர், சட்டம் வந்துவிட்டது, பிள்ளை தேர்வுக்குப் படிக்க வேண்டுமா வேண்டாமா என்று குழம்பினார்கள். பேரவையில் நிறைவேறுவது வேறு, சட்டமாவது வேறு என்பதை ஒரு துண்டறிக்கையில் விளக்கியிருக்கலாம். மேடைகளில் அது முழக்கமாகவே நின்றுவிட்டது.

கட்டாயமாக்கினால் நடக்குமா என்று கேட்பவர்கள் அருகிலிருக்கும் ஊராட்சியைப் பார்க்கலாம். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கை ஊராட்சித் தலைவர் சபையில் வைக்க வேண்டும். சபைகள் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகச் சங்கம் நம்பவில்லை. கையெழுத்து வாங்கிக் கலைந்த கூட்டங்களும் உண்டு. ஆனாலும் சில லட்சங்களைக் கையாளும் தலைவர், கடன் கொடுத்தவர் முதல் கழிவுநீர்ப் பிரச்சினைக்காரர் வரை உட்கார்ந்திருக்கும் பந்தலில் எழுந்து நின்று கணக்குச் சொல்கிறார். லட்சம் கோடிகளுக்குக் குரல் கொடுத்தவருக்கு அப்படியொரு பந்தல் இல்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத மேடை இல்லை. குடவோலை முறை என்றவுடன் பானையும் ஓலையும் சிறுவனும் நினைவுக்கு வருவார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. அதில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது. உறவினர் விதியை இன்று கேட்டால் பேரவையில் பாதி இருக்கைகள் காலியாகிவிடும் என்பதால், சங்கம் அந்த அளவுக்குப் போகவில்லை.

சங்கம் கேட்பது இவ்வளவே. வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடர் முடிந்த அறுபது நாளுக்குள் ஒவ்வோர் உறுப்பினரும் நான்கு பக்கத்துக்கு மிகாத அறிக்கை ஒன்றைத் தமிழில் வெளியிட வேண்டும். தொகுதிக்காக அவர் பேரவையில் கேட்டவை எவை, கிடைத்தவை எவை, மறுக்கப்பட்டவை எவை, முந்தைய ஆண்டின் அறிவிப்புகள் மேற்சொன்ன படிகளில் எதில் நிற்கின்றன, எந்தெந்தச் சட்டமுன்வடிவுகளில் அவர் என்ன நிலை எடுத்தார் என்பவை அதில் இருக்க வேண்டும். 2022இல் கொடுத்த பத்துக் கோரிக்கைகளின் இன்றைய நிலையும் முதல் அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். அறிக்கை உறுப்பினர் அலுவலகச் சுவரிலும், வட்டாட்சியர், ஊராட்சி ஒன்றிய, நகராட்சி அலுவலகங்களிலும் ஒட்டப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, கட்சிக் கொடியும் சால்வையும் இல்லாத ஒரு கூட்டத்தில் அதன்மீது மக்கள் கேள்வி கேட்க வேண்டும். இதற்குப் பேரவை விதிகளில் திருத்தம் தேவையா, பேரவைத் தலைவரின் அறிவுரையே போதுமா என்பதைச் செயலகம் முடிவு செய்துகொள்ளலாம்.

நிதித் துறைக்கான கோரிக்கை தனி. உறுப்பினர் அறிக்கை எழுத வேண்டுமானால் அவரிடமே தொகுதி வாரியான எண் இருக்க வேண்டும்; இன்று அது இல்லை. இதிலுள்ள இடர்ப்பாட்டைச் சங்கம் அறியும். தொகுதி எல்லையும் ஒன்றிய எல்லையும் ஒன்றல்ல. நெடுஞ்சாலைக் கோட்டம் ஒரு பக்கம் போகும், நீர்வளத் துறை உபகோட்டம் இன்னொரு பக்கம் போகும், பள்ளிக் கல்வி மாவட்டம் வேறு கணக்கில் வரும். எல்லாச் செலவையும் பிரித்துக் காட்டச் சொல்லவில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் நீங்கலாக, ஓரிடத்தில் நடக்கும் பணிகளை மட்டும் தொகுதிப் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்தால் போதும். நாடாளுமன்ற உறுப்பினரின் ஆண்டு 5 கோடி நிதிக்குப் பணி வாரியாக இணையத்தில் விவரம் தர முடிகிறபோது இதுவும் முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவும், யாரும் கேட்காமலே இத்தகைய விவரங்களை வெளியிட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

எதிர்க்கட்சி உறுப்பினர்கள், “எங்களுக்கு எதுவும் ஒதுக்குவதில்லை, எதைப் போய்ச் சொல்வது?” என்று கேட்கலாம். அதையே சொல்லலாம், கேட்டதும் மறுக்கப்பட்டதும் எழுத்தில் இருந்தால் அவர்களுக்குத்தான் வலு. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கொறடா உத்தரவைக் காட்டலாம். வாக்கு உத்தரவுக்குக் கட்டுப்பட்டது, வாக்குக்கு முன் கட்சிக்குள்ளும் பேரவையிலும் பேசியது அவர்களுடையது. ஆளில்லை, நேரமில்லை என்பது மட்டும் நியாயமான குறை. அதற்குச் செயலகம் தொகுதிக்கு ஓர் உதவியாளரை ஆண்டில் இரண்டு மாதம் அமர்த்தித் தரலாம்.

2022 ஜனவரியில் பேரவையின் கேள்வி நேரம் முதன்முறையாக நேரலையில் வந்தது. அதுவும் நெடுநாள் முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்றுதான்.

இம்மனுவைப் பேரவையின் மனுக்கள் குழுவுக்கு அனுப்பி, அடுத்த வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடருக்கு முன் சங்கப் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்குமாறும், எடுக்கப்படும் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறும் சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இணைப்பு: நான்கு பக்க அறிக்கைக்கான மாதிரிப் படிவம். பெயர் எழுதும் இடம் வேண்டுமென்றே சிறிதாகவும், ‘மறுக்கப்பட்டவை’ என்ற கட்டம் பெரிதாகவும் விடப்பட்டுள்ளது.

நகல்: அனைத்து மாவட்ட ஆட்சியர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேர்.