வீட்டில் விட்டுப்போன பிள்ளை

 

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள், அஸருக்குப் பின் என் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு மாம்புரியில் ஒரு வீட்டுக்கு உழ்ஹிய்யா இறைச்சி கொடுக்கப் போனேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பெருநாள் நாட்களில் இங்கு அது வழக்கம்தான். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, பகல் சோற்றையும் முடித்துக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இந்த வீட்டிலும் யாரும் இருக்கமாட்டார்கள், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் திண்ணையில் ஒரு பிள்ளை படுத்திருந்தான். அருகில் அவனுடைய உம்மா.

“வாப்பாவும் மத்தப் புள்ளைகளும் கடலுக்குப் போயிட்டாங்க ஹஸ்ரத். இவன வெச்சிக்கிட்டு நான் எப்படிப் போற?” என்றார் அந்தச் சகோதரி.

பையனுக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே மூளை வாதம். கால்கள் விறைத்தபடி இருக்கும், கைகள் சொன்னபடி கேட்காது. பேச்சு மெதுவாக வரும், ஆனால் அறிவில் ஒரு குறையும் இல்லை. அவன் என்னைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்: “ஹஸ்ரத், கடலுக்குக் கிட்டப் போனா சத்தம் இன்னும் கூடவா கேக்கும்?”

சோளகக் காலத்தில் எங்கள் மேற்குக் கடலின் இரைச்சல் ஊர் முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே உறங்கி எழும்பும் பிள்ளை அவன். 2010 முதல் எங்கள் கரையில் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகள்கூடத் தென்னை மரங்களுக்கு மேலாகத் திண்ணையிலிருந்தே அவனுக்குத் தெரிகின்றன. ஆனால் பத்து ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவன் கால் கடல் நீரில் பட்டதில்லை.

சகோதரிகளே, உண்மையைச் சொல்லவேண்டும். அவனுடைய நானாமார் இருவரும் என்னிடம் குர்ஆன் ஓதியவர்கள். மூன்றாவது பிள்ளை ஏன் வரவில்லை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எத்தனையோ தடவை அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்று காரணங்கள்

மறுநாள் என் மனைவி அந்த வீட்டுக்குப் போய் நீண்ட நேரம் பேசியிருந்துவிட்டு வந்தார். பிள்ளையை வெளியே கொண்டுபோகாததற்கு அந்தத் தாய் மூன்று காரணங்களைச் சொன்னாராம்.

முதலாவது, பாரம். கைக்குழந்தையாக இருந்தவரை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். இப்போது தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்கிறது. பஸ் மிதிபலகையோ உயரம். ஆஸ்பத்திரியில் கிடைத்த சக்கர நாற்காலியின் சில்லு எங்கள் ஊர் மணலில் புதைந்துவிடுகிறது. இரண்டாவது, மலசலகூடமும் சாப்பாடும். அந்நிய வீட்டில் அவனைச் சுத்தம் செய்வது எங்கே? சோறு சிந்தினால் என்ன சொல்வார்கள்?

மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றையும் விடப் பாரமானது: சனங்களின் வாய். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் வயதான ஒரு பெண்மணி அவனைக் கண்டதும், தம் பிள்ளைகளை அல்லாஹ் அப்படி ஆக்கவில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி அல்ஹம்துலில்லாஹ் சொன்னாராம். இன்னொருவர், “வயித்துல இருக்கக்குள்ள கிரகணத்தண்டைக்கு வெளிய போனியா?” என்று கேட்டாராம். அன்றோடு அந்தத் தாய் எந்த நல்லது கெட்டதுக்கும் அவனைக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டார். அவரும் போவதில்லை.

இங்கே வீட்டில் அடைபட்டது ஒரு பிள்ளையல்ல. பிள்ளையும் தாயும் இருவர்.

சலுகை வேறு, தடை வேறு

நமது மார்க்கம் இயலாதவர்களுக்குச் சலுகை தந்திருக்கிறது. நிற்க முடியாதவர் இருந்து தொழலாம். இருக்கவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம். ஜிஹாதும் ஹஜ்ஜும் இயலாதவர்மீது கடமையாவதில்லை. இது அல்லாஹ்வின் ரஹ்மத். ஆனால் நாம் என்ன செய்தோம்? “நீ வராவிட்டாலும் குற்றமில்லை” என்ற சலுகையை, “நீ வரவேண்டாம்” என்ற தடையாக மாற்றிவிட்டோம். இரண்டும் ஒன்றல்ல.

உஹதுப் போருக்குப் புறப்படுகையில் அம்ர் இப்னுல் ஜமூஹ் (ரழி) என்ற ஸஹாபி தாமும் வருவதாகச் சொன்னார். கடுமையாக நொண்டி நடப்பவர் அவர். அவருடைய நான்கு ஆண்மக்களும் பாசத்தினால் அவரைத் தடுத்தார்கள். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. பெருமானார் அவரிடம், அல்லாஹ் உமக்குச் சலுகை தந்திருக்கிறான் என்பதைச் சொன்னார்கள். பின்பு மக்கள் பக்கம் திரும்பி, அவரைத் தடுக்காதிருக்கும்படி சொன்னார்கள். அவர் உஹதில் ஷஹீதானார். சலுகை உண்டு என்று அவருக்கும், தடை இல்லை என்று மக்களுக்கும் அறிவித்தார்களே, அதைக் கவனியுங்கள். பாசமும் சில வேளை பூட்டாகிவிடும்.

விருந்து விஷயத்தில் குர்ஆனே நேராகப் பேசுகிறது. ஸூரத்துந் நூரின் 61ஆம் வசனத்தை எடுத்துத் தர்ஜமாவோடு ஓதிப் பாருங்கள். கண்பார்வையற்றவர், முடவர், நோயாளி ஆகிய மூவர்மீதும் குற்றமில்லை என்று அது தொடங்குகிறது. தொடர்ந்து வாப்பா வீடு, உம்மா வீடு, சகோதர சகோதரிகளின் வீடு, சாச்சா, மாமி, மாமா, சாச்சி வீடுகள், சிநேகிதர் வீடு என்று சாப்பிடப் போகும் வீடுகள் வரிசையாக வருகின்றன. நமது பெருநாள் விருந்துப் பட்டியல் போலவே இல்லையா? இவ்வசனத்தின் பின்னணியாகத் தப்ஸீர் ஆசிரியர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று: இத்தகையவர்களோடு ஒன்றாக அமர்ந்து உண்ணச் சிலர் தயங்கினார்கள். அவர்களும் பிறருக்குச் சங்கடமாகுமோ என்று ஒதுங்கி நின்றார்கள். அந்தத் தயக்கத்தை அல்லாஹ் நீக்கினான். அல்லாஹ் பெயர் சொல்லி விருந்துக்கு அழைத்தவர்களை நாம் திண்ணையில் விட்டுவிட்டுப் போகலாமா?

வாயைக் கவனிப்போம்

சோதனைக்குள்ளானவரைக் கண்டால், அதிலிருந்து நம்மைக் காத்ததற்காக அல்லாஹ்வைப் புகழும் ஒரு துஆ ஹதீஸில் வந்திருப்பது உண்மைதான். ஆனால் அதை ஓதும் முறை என்ன? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ‘அல்-அத்கார்’ நூலில் உலமாக்களின் கருத்தை எழுதுகிறார்கள்: தனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாக ஓதவேண்டும், அந்த மனிதரின் காதில் விழக்கூடாது, விழுந்தால் அவர் மனம் நோகும். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு இதைவிடத் தெளிவு வேண்டுமா? கல்யாண வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்ன அல்ஹம்துலில்லாஹ், ஒரு தாயை ஆறு வருடம் வீட்டுக்குள் இருத்திவிட்டது.

கிரகணக் கதையும் அப்படித்தான். நபி (ஸல்) அவர்களின் அருமைப் புதல்வர் இப்ராஹீம் வபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்தினால்தான் பிடித்தது என்று மக்கள் பேசினார்கள். துக்கத்திலிருந்த பெருமானார் அதை உடனே மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவாக்கினார்கள். மூளை வாதம் என்பது வளரும் மூளைக்குக் கர்ப்பத்திலோ, பிரசவ வேளையிலோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் பாதிப்பு. மாதம் நிறையுமுன் பிறத்தல், மூளைக்கு ஒட்சிசன் குறைதல், தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை என்று பல காரணங்கள் இருக்கலாம். பல பிள்ளைகளில் இன்னதென்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை. அது தொற்றுவதில்லை. தாய் செய்த குற்றமும் அல்ல.

பள்ளிவாசல் படிகள்

“சக்கர நாற்காலியைப் பள்ளிக்குள் கொண்டுவரலாமா, தெருவில் வந்த சில்லாயிற்றே?” என்று கேட்கிறார்கள். உம்மு ஸலமா (ரழி) அன்னையவர்கள் நோயுற்றிருந்தபோது, வாகனத்தில் ஏறியபடி மக்களுக்குப் பின்னால் தவாப் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தாமும் ஹஜ்ஜத்துல் விதாவில் ஒட்டகத்தின் மீதிருந்து தவாப் செய்தார்கள். கஃபாவைச் சுற்றி ஒட்டகம் வந்திருக்க, துடைத்துச் சுத்தமாக்கிய ஒரு சில்லு நமது பள்ளிக்குள் வருவதில் என்ன தடை?

நாட்டின் சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் வந்துபோக வசதி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஆனாலும் படிகள் படிகளாகவே இருந்தன. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மீது மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவராகவும் இருந்தவர். அவர் உயர் நீதிமன்றம் சென்றார். புதிய பொதுக் கட்டடங்களில் இந்த வசதிகள் இருந்தேயாக வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் 2020இல் காலமானார். 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்கிறார்கள். அவர்கள் எல்லாரும் எங்கே? பெரும்பாலானோர் வீட்டுக்குள்தான்.

பள்ளி நிர்வாகத்தில் உங்கள் கணவரோ சகோதரரோ இருந்தால் சொல்லுங்கள்: படியின் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமான சாய்வுப் பாதை போதும். நடை தளர்ந்த மூத்தவர்களுக்கும் அது உதவும்.

வெளியே போகுமுன்

முதலில் சிறு பயணமாகத் தொடங்குங்கள். அரை மணி நேரம் போதும். போகும் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி, மலசலகூடத்தின் வாசல் அகலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று உடுப்பு, துவாய், தண்ணீர், ஒரு விரிப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் எப்போதும் தயாராக வைத்திருங்கள். மூளை வாதமுள்ள பிள்ளைக்குப் படுக்கவைத்துச் சோறு ஊட்டாதீர்கள், புரையேறும். நிமிர்த்தி இருத்தி, தலையைச் சற்றே முன்பக்கம் சாய்த்து, சிறு சிறு கவளமாக ஊட்டுங்கள். ஒரே இருப்பில் நெடுநேரம் வைத்திராமல் அடிக்கடி சற்று நகர்த்தி இருத்துங்கள், இல்லாவிட்டால் தோல் புண்ணாகும். மணலில் சக்கர நாற்காலியை முன்னால் தள்ளினால் சின்னச் சில்லுகள் புதையும். திருப்பிப் பிடித்து, முன்சில்லுகளை உயர்த்தி, பின்பக்கமாக இழுங்கள்.

சென்னை மெரீனா கடற்கரையில் இவர்களுக்காகவே 2022 நவம்பரில் 263 மீற்றர் நீளமான மரப்பாதை ஒன்றை மணலுக்கு மேல் அமைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. வீண் வேலை என்று விட்டுவிடாமல் மீண்டும் செப்பனிட்டார்கள். மாம்புரியில் அப்படிப் பாதை இல்லை. ஆனால் பலகைகள் இருக்கின்றன, தூக்கக் கைகள் இருக்கின்றன.

அந்தக் கைகள் தாயின் கைகளாக மட்டும் இருக்கக்கூடாது என்பதுதான் முக்கியம். வாப்பா ஒரு முறை, நானா ஒரு முறை, சாச்சா ஒரு முறை என்று பொறுப்பைப் பங்கிடுங்கள். மற்றப் பிள்ளைகளைக் கடிந்து செய்விக்காதீர்கள், அவர்களுக்கும் விளையாட நேரம் வேண்டும். நாற்காலி, மாதாந்த உதவித்தொகை போன்றவை பற்றிப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அந்தக் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பையனின் வாப்பாவிடம் நான் பேசினேன். அவர் கல்நெஞ்சர் அல்லர். “அவனுக்குக் கஷ்டம் குடுக்கக்கூடாதுன்னுதான் ஹஸ்ரத்” என்றார். அம்ர் இப்னுல் ஜமூஹ் (ரழி) அவர்களின் மக்களும் அதைத்தானே நினைத்தார்கள் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

முதலில் மாமி வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிப்போனார்கள். சோறு சிந்தியது, மாமி பாய் கழுவினார், அவ்வளவுதான். பின்பு ஒரு நாள் களப்புப் பக்கம் போனார்கள். வாடைக் காற்று தொடங்கி மேற்குக் கடல் அடங்கியதும், ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வாப்பாவும் நானாமாரும் இரண்டு பலகைகளை மாற்றி மாற்றிப் போட்டு, நாற்காலியைத் தண்ணீர் விளிம்புவரை கொண்டுபோனார்கள். அவர்களுக்கு நன்றாக வியர்த்திருந்தது. உம்மாவும் கூடவே போயிருந்தார். முதல் அலை காலில் பட்டதும் பையன் பயந்து கத்தினான். இரண்டாவதுக்கும் கத்தினான். மூன்றாவதுக்குச் சிரித்தான். மஃரிபுக்கு நேரமாகிறது என்று அழைத்தபோது வரமாட்டேன் என்று அழுதானாம்.

மறு வாரம் அந்த வாப்பா என்னிடம் வந்து கேட்டார்: “ஜும்ஆவுக்கு அவனக் கொண்டு வந்தா நாற்காலிய எந்தப் பக்கம் வைக்கிற ஹஸ்ரத்?” எங்கள் பள்ளியிலும் மூன்று படிகள் இருக்கின்றன. இப்போதைக்கு நான்கு பேர் தூக்கி வைக்கிறோம். சாய்வுப் பாதை பற்றி நிர்வாகத்தில் பேசியிருக்கிறேன்.

சகோதரிகளே! அடுத்த பெருநாளுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுமுன், உள்ளே யார் மிஞ்சியிருக்கிறார் என்று ஒரு தடவை பாருங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டைப் பாருங்கள். “நாங்களும் ஒரு கை பிடிக்கிறோம், வாங்க” என்று சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகள் அனைவரையும் எங்கள் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. அவர்களைச் சுமக்கும் தாய்மாரின் பாரத்தை இலகுவாக்கி, அதில் பங்கெடுக்கும் கைகளாக எங்களையும் ஆக்குவாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.