பிழையை மறைப்பது பிழைதிருத்தம் அன்று

இந்திய இணையதளங்களில் விண்ணப்பப் படிவம் நிரப்பிய எவரும் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, சிறிது நேரம் கழித்து முயலவும்" என்ற வாசகத்தை அறிவர். அதனினும் கொடியது ஒன்று உண்டு. உள்ளே பதிவானது வேறாக இருக்க, "உங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகப் பதிவாகிவிட்டது" என்று பச்சை எழுத்தில் ஒளிரும் வாசகமே அது. முன்னது மக்களின் பொறுமையைச் சோதிக்கிறது. பின்னது அவர்தம் பெயரையும் எண்ணையும் திரித்து எழுதிவிட்டு, சரியாகவே எழுதியதாகச் சாதிக்கிறது. இத்தீங்கு இயற்கைச் சீற்றம்போல் வந்து சேர்வதன்று. பெரும்பாலும் நிரலாளர் ஒருவர், பிழைச்செய்தி தொந்தரவாக இருக்கிறதென்று, ஒரே ஒரு வரியை மாற்றியதால் நேர்வது.

கைபேசி எண்ணையே சான்றாகக் கொள்ளலாம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அதற்கான நெடுவரிசையை 'இன்ட்' வகையாக அமைப்பவர் இன்றும் உளர். அவ்வகை தாங்கும் மிகப் பெரிய எண் 2147483647. குறைஎண்களை விலக்கி அமைத்தாலும் எல்லை 4294967295தான். இந்தியக் கைபேசி எண்களோ பத்து இலக்கம் கொண்டவை; 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களுள் ஒன்றில் தொடங்குபவை. ஆகவே நாட்டில் வழங்கும் கைபேசி எண் ஒன்றுகூட அந்த நெடுவரிசையில் அடங்காது.

தரவுத்தளம் கண்டிப்பு முறையில் இயங்கினால், மதிப்பு வரம்பைக் கடந்துவிட்டது என 1264ஆம் எண் பிழையை எழுப்பி எழுத மறுக்கும். அம்முறை அணைக்கப்பட்டிருந்தால், எவரும் பாராத ஓர் எச்சரிக்கையை மட்டும் வைத்துவிட்டு, கொடுத்த எண்ணுக்குப் பதில் 2147483647 என்று எழுதிக்கொள்ளும். அடுத்தவருக்கும் அதே எண்தான். அந்த நெடுவரிசையில் ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாதென்ற நிபந்தனையும் இருந்துவிட்டால், இரண்டாவது விண்ணப்பதாரருக்கு "இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்ற விடை கிடைக்கும். தம் எண்ணை வேறெவரோ களவாடிவிட்டதாக அவர் அஞ்சி அலைவார். முதலாமவரோ வரவே வராத ஒருமுறைக் கடவுச்சொல்லுக்காகக் காத்திருப்பார்.

பிற வகைகளிலும் இதே கதைதான். 'கிருஷ்ணமூர்த்தி' என்பது தமிழ்க் கணக்கில் எட்டு எழுத்து; யூனிகோடு கணக்கில் 15 குறியீடு. பத்துக் குறியீட்டுக்கு அளவெடுத்த நெடுவரிசையில் அப்பெயரை இட்டால், கண்டிப்பு முறை 1406ஆம் எண் பிழையால் தடுக்கும். இல்லையேல் 'கிருஷ்ணமூர' என்று வெட்டிச் சேமித்துவிடும். ஆதாரில் ஒரு பெயர், பட்டியலில் வேறு பெயர் என்று உதவித்தொகை மறுக்கப்படும் நாளில் குற்றம் கிருஷ்ணமூர்த்தியின் தலையில் விழும். வெற்றிடமாக விடப்பட்ட ஆண்டு வருமானம் முழு எண் நெடுவரிசையில் 0 ஆகிவிடும். வருமானத்தைத் தெரிவிக்கவில்லை என்பதும் வருமானமே இல்லை என்பதும் ஒன்றா? பொருந்தாத பிறந்த தேதி 0000-00-00 ஆகிறது. அந்த நாளில் பிறந்தவர் எவரும் இலர்.

இவற்றை அறிந்தே அக்கருவிகளை உருவாக்கியோர் திருந்தினர். ரெயில்ஸ் 2013இல் வந்த தன் நான்காம் பதிப்பில் கண்டிப்பு முறையை இயல்பு நிலையாக்கியது. மைஎஸ்கியூஎல் 2015இல் வெளியான 5.7ஆம் பதிப்பிலும், லாரவெல் 2016இல் வெளியான 5.3ஆம் பதிப்பிலும் அவ்வாறே செய்தன. கண்டிப்பு முறை இல்லாத மைஎஸ்கியூஎல் இணைப்பைக் கண்டால் ஜாங்கோ எச்சரிக்கிறது. திருந்தாதனவும் உண்டு: கோட்இக்னைட்டர் மூன்றாம் பதிப்பின் இயல்பு அமைப்பில் கண்டிப்பு முறை அணைந்தே இருக்கிறது; வேர்ட்பிரஸ் இணைப்பு ஏற்பட்டதும் அதைத் தானே அகற்றிவிடுகிறது.

பதிப்பு மேம்பட்டதும், ஆண்டுக்கணக்கில் புதைந்திருந்த தவறுகள் பிழைச்செய்திகளாக வெளிவந்தன. அப்போது பரவிய மருந்து என்ன? நெடுவரிசையின் வகையைச் சரிசெய்க என்பதன்று. அமைப்புக் கோப்பில் 'எஸ்கியூஎல்_மோட்' என்பதை வெறுமையாக்குக, லாரவெலில் 'ஸ்ட்ரிக்ட்' என்பதைப் 'ஃபால்ஸ்' ஆக்குக என்பதே அம்மருந்து. அதுவும் போதாதென்றால், நிரலைச் சுற்றி 'டிரை–கேட்ச்' கட்டி, உள்ளே வந்த பிழையை ஓசையின்றி விழுங்கிவிடுக என்பது அடுத்த அறிவுரை. பிழைச்செய்தி மறைந்தது, பிழை தங்கிவிட்டது. இதற்குப் 'பிழைதிருத்தம்' என்று பெயரிட்டு ஊதியம் பெறுவதை எந்தத் தொழிலறம் ஏற்கும்?

வட்டாட்சியர் அலுவலக எழுத்தர் ஒருவர், பதிவேட்டுக் கட்டத்தில் அடங்கவில்லையென்று ஒருவரின் பெயரைப் பாதியில் வெட்டி எழுதி, தெரியாத வருமானத்துக்குச் சுழியமிட்டு, எல்லோருக்கும் ஒரே தொலைபேசி எண்ணை எழுதிவைத்தால், அதைப் பொய்ப்பதிவு என்று கூறி விசாரணை நடத்துவர். அதையே ஓர் இணையச் செயலி நாள்தோறும் செய்யும்போது 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற சொல்லால் போர்த்திவிடுகின்றனர். எழுத்தருக்குள்ள பொறுப்பு நிரலாளருக்கு இல்லையா?

ஓசையற்ற வெட்டு பாதுகாப்பையும் குலைக்கும். 2015இல் வேர்ட்பிரஸில் வெளிப்பட்ட ஓர் ஓட்டை இதற்குச் சான்று. 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட பின்னூட்டத்தை 'டெக்ஸ்ட்' நெடுவரிசை நடுவில் வெட்டிச் சேமித்தது. சோதனையைக் கடந்து வந்த உரை, வெட்டுண்டபின் தீங்கான நிரலை இயக்கும் உருவம் பெற்றது. சரிபார்த்தது ஒன்று, சேமித்தது மற்றொன்று.

மறுப்போர் இரண்டு வாதங்களை முன்வைப்பர். பிழைச்செய்தி பயனரை அச்சுறுத்தும் என்பது முதல் வாதம். பயனருக்கு எதைச் சொல்வது, உள்ளே எதைப் பதிவது என்னும் இருவேறு வினாக்களை இது குழப்புகிறது. தரவுத்தளத்தின் பிழைத்தடத்தை அப்படியே திரையில் காட்டுக என்று எவரும் கோரவில்லை. அது கோப்புப் பாதைகளையும் சிலபோது கடவுச்சொற்களையும்கூட வெளியிட்டுவிடும். "பெயர் 50 குறியீட்டுக்கு மேல் உள்ளது" என்று உரிய கட்டத்தருகே தெளிவாகச் சொல்லி, 422 என்ற நிலைக்குறியைத் திருப்பி, முழு விவரத்தையும் பதிவுக்கோப்பில் எழுதி, பாதி முடிந்த பரிமாற்றத்தை மீட்டெடுத்தால் போதும். தோல்வியை 200 என்ற வெற்றிக் குறியோடு அனுப்பும் வழக்கம் கண்காணிப்புக் கருவிகளையும் ஏமாற்றுகிறது.

பழைய செயலிகள் நின்றுவிடும் என்பது இரண்டாம் வாதம். நிற்கத்தான் வேண்டும், ஆயின் மக்கள் முன்னிலையில் அன்று, சோதனைத் தளத்தில். கண்டிப்பு முறையை ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே இயக்க இயலும். அதற்கு முன் இருக்கும் தரவை ஆராயலாம்: 2147483647 எத்தனை வரிசைகளில் உள்ளது? 0000-00-00 எத்தனை? எத்தனை பெயர்களின் நீளம் நெடுவரிசையின் எல்லையை அப்படியே தொட்டு நிற்கிறது? மூன்று வினவல்களும் ஒரு பிற்பகலில் முடியும். விடை சுழியமானால் மாற்ற அஞ்சவேண்டியதில்லை. பெருந்தொகையானால் இதுவரை மறைக்கப்பட்டது எவ்வளவு என்பது விளங்கும்.

வகையைத் தேர்வதற்கும் எளிய சோதனை உண்டு. இரண்டு மதிப்புகளைக் கூட்டினால் பொருள் வருமா? வராதென்றால் அது எண்ணன்று. இலக்கங்களால் ஆன பெயர். கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் யாவும் எழுத்துச்சரங்களே. சென்னையின் 044, தில்லியின் 011 ஆகியவற்றை முழு எண்ணாக்கினால் முன்னிற்கும் சுழியம் மறையும். ஜாவாஸ்கிரிப்டின் எண் வகை 9007199254740991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகின்றித் தாங்கும். அதனினும் நீண்ட கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் ஓசையின்றி மாறக்கூடும். பணத்தை மிதவை வகையில் வைக்காமல் பதின்ம வகையில் வைக்கவேண்டும். குடும்பப் பெயர் கட்டாயம் என்ற நிபந்தனை, தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் தமிழரையும் ஒற்றைப் பெயரோடு வாழும் பிற மாநிலத்தாரையும் ஒரு புள்ளியையோ தம் பெயரையே மீண்டுமோ இட்டு நிரப்பத் தூண்டுகிறது. அதுவும் வகைப்பிழையே.

"என் கணினியில் ஓடுகிறதே" என்பாருக்கும் ஒரு சொல். மடிக்கணினியில் எஸ்கியூலைட்டை வைத்துப் பழகுவோர், அது நெடுவரிசைக்கு எழுதிய நீள வரம்பைப் பொருட்படுத்துவதில்லை என்பதை அறிதல் வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கு மாறிய நாளில் வெடிக்கும் பிழை, எழுதிய முதல் நாளே அங்கிருந்தது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படக்கூடிய தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் முரணின்றியும் இருப்பதை உறுதிசெய்வதைத் தரவைக் கையாள்வோரின் கடமையாக 8ஆம் பிரிவில் வகுத்துள்ளது. கண்டிப்பு முறையை அணைத்துவைத்துக்கொண்டு இக்கடமையை நிறைவேற்றியதாக எவரும் கூற இயலாது. அரசின் ஒப்பந்தப்புள்ளிகளில் சேவையகத்தின் திறனும் முகப்பின் அழகும் பக்கம் பக்கமாக விவரிக்கப்படுகின்றன. கண்டிப்பு முறை இயங்கவேண்டும், எந்தப் பிழையும் விழுங்கப்படலாகாது, எல்லையைத் தொடும் மதிப்புகள் திங்கள்தோறும் தணிக்கை செய்யப்படவேண்டும் என்ற மூன்று வரிகள் அவற்றில் இடம்பெறட்டும். கல்லூரிகளில் தரவுத்தளம் கற்பிப்போர் இயல்பாக்க விதிகளோடு இதையும் கற்பிக்கட்டும். எழுத மறுக்கும் தரவுத்தளத்தைப் பகையாக எண்ணுவது பேதைமை. விண்ணப்பதாரரின் பக்கம் நின்று "இது இவர் கொடுத்ததன்று" என்று சொல்லக்கூடிய கடைசிச் சாட்சி அதுவே.