ரெண்டு கப்பல், ஒரு டப்பா புளியோதரை

"க்ரூஸ்ல போறதெல்லாம் ஒரு பயணமாய்யா?"

இந்தக் கேள்வியை ஒரு காலத்துல ரொம்ப கெத்தா கேட்டுக்கிட்டு திரிஞ்சவன் நான். மிதக்குற மால், மிதக்குற கல்யாண மண்டபம், பந்திக்கு முந்துறவங்களோட சொர்க்கம்னு வாய்க்கு வந்தபடி பேசுவேன். அப்புறம் கல்யாணம் ஆச்சு. வாய் கொறைஞ்சுது.

2023 ஆகஸ்ட்ல தங்கமணியும் நானும் சியாட்டில்ல இருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் க்ரூஸ் போனோம். அடுத்த ஜூன்ல அதே அலாஸ்காவுக்கு, கிட்டத்தட்ட அதே கடல் வழியில, அலாஸ்கா மாநில அரசு நடத்துற ஃபெர்ரியில போனோம். மொதல்ல போனது அவ ஆசைக்கு, ரெண்டாவது என் ஆசைக்கு. ரெண்டுல எது ஒசத்திங்கிற பஞ்சாயத்து இன்னும் வீட்டுல முடிஞ்ச பாடில்லை. அதான் என் பக்க வாதத்தை (பிரிச்சுப் படிங்க சாமி, சேர்த்துப் படிச்சுடாதீங்க) இங்க எறக்கி வெச்சிடலாம்னு.

ஒரு சின்ன முன்கதை. தங்கமணி சென்னையில நாலு வருஷம் டெஸ்டிங்ல இருந்தவ. என்னை மாதிரி நூறு பேர் எழுதின கோடுல ஓட்டை கண்டுபிடிச்சு சம்பளம் வாங்கினவ. (அந்தப் பழக்கம் இன்னும் போகல, அது வேற விஷயம்.) கல்யாணமாகி இங்க வந்ததும் ஹெச்4 விசா. வேலைக்குப் போக முடியாது. என் கிரீன் கார்டு வழியில ஐ-140ன்னு ஒரு மனு இருக்கு. அது ஒப்புதல் ஆனாத்தான் அவ வேலை அனுமதி கேட்டு விண்ணப்பமே போட முடியும். அந்த வழியும் 2015லதான் தொறந்தாங்க. எங்களுக்கு அது இன்னும் ஆகல. ஆக, நான் ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரமெல்லாம் அவளுக்கு ஒரு அபார்ட்மெண்ட், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

க்ரூஸ் கப்பலைப் பத்தி நான் நெனைச்சு வெச்சிருந்த கிண்டல் எல்லாம் உண்மைதான். பதினெட்டு மாடி, ஒரு சின்ன ஊரே உள்ள இருக்கு, ராத்திரி பன்னெண்டு மணிக்கும் பீட்சா. லிஃப்ட்டுக்குள்ள கால்மிதி தினமும் மாறும், இன்னிக்கு என்ன கிழமைன்னு அதுல எழுதியிருக்கும். அதைப் பாத்து நான் சிரிச்சேன். மூணாம் நாள் கால்மிதியைப் பாத்துத்தான் கிழமையே தெரிஞ்சுக்கிட்டேன்.

தங்கமணியோ சிரிக்கவே இல்ல. ஒன்பது மணி வரைக்கும் தூங்கினா. மேல் தளத்துல போர்வையைப் போத்திக்கிட்டு, ஒரு பக்கம் மலையும் மறு பக்கம் பனியுமா போறதை மணிக்கணக்கா பாத்துக்கிட்டு உக்காந்தா. நாலாம் நாள் சாயங்காலம் திடீர்னு, "இன்னிக்கு என்ன சமைக்கலாம்னு நாலு நாளா நான் யோசிக்கவே இல்லப்பா"ன்னா. அவ்ளோதான், வேற ஒண்ணும் சொல்லல. "அலாஸ்காவுக்கு வந்து இதையா பேசுறது"ன்னு நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

சரி, எனக்கு அந்தக் கப்பல்ல எது உறுத்துச்சு? சாப்பாட்டு மேசையில எங்களுக்குப் பரிமாறின தம்பி தூத்துக்குடி பக்கம். நாங்க தமிழ் பேசுறதைக் கேட்டதும் மொகமெல்லாம் பல்லு. ரெண்டாம் நாளே, மெனுவுல இல்லாத ரசம், ஊழியர் சமையல்ல இருந்து ஒரு கிண்ணத்துல வந்துச்சு. "அண்ணி, நம்ம ஊரு ருசி வராது, ஆனா சூடா இருக்கும்"னான். ஒன்பது மாச காண்ட்ராக்ட். அந்த ஒன்பது மாசத்துல ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கிடையாது. காலைப் பலகாரம், மதியம், ராத்திரின்னு பிச்சுப் பிச்சு தினம் பத்து மணி நேரத்துக்குக் கொறையாம வேலை. ஊருல குழந்தை பொறந்து அஞ்சு மாசம், இன்னும் போன்லதான் பாத்திருக்கான்.

எங்க கப்பல் பஹாமாஸ்ல பதிவானது. பயணிகள்ல முக்காவாசி அமெரிக்கர்கள், கெளம்புறது அமெரிக்கத் துறைமுகம், சம்பாதிக்கிறது டாலர். கொடி மட்டும் பஹாமாஸ். பெரிய க்ரூஸ் கப்பல் அநேகமா எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்ட்டான்னு எங்கயாவதுதான் பதிவாகியிருக்கும். அமெரிக்கக் கொடியோட ஓடுற பெரிய க்ரூஸ் கப்பல்னா ஹவாய்ல இருக்கிற ப்ரைட் ஆஃப் அமெரிக்கா ஒண்ணுதான். வெளிநாட்டுக் கொடின்னா அமெரிக்காவோட குறைந்தபட்ச சம்பளச் சட்டம் அந்தத் தம்பிக்குக் கிடையாது. 2006ல போட்ட சர்வதேச கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு. அதோட உச்சவரம்பு என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72. நாம ரிலீஸ் வாரத்துல பன்னெண்டு மணி நேரம் உக்காந்ததுக்கே ஊரைக் கூட்டுறோம்.

இதே கொடி வெளையாட்டோட இன்னொரு பக்கம் தமாஷா இருக்கும். கப்பல் கடைசி ராத்திரி கனடாவுல விக்டோரியா ஊர்ல சில மணி நேரம் நிக்கும். அந்த நேரத்துல பாக்கறதுக்குப் பெருசா ஒண்ணும் தொறந்திருக்காது. அப்புறம் எதுக்கு நிக்கணும்? 1886ல அமெரிக்கா போட்ட ஒரு சட்டத்துக்காக. வெளிநாட்டுக் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளயே பயணிகளை ஏத்தி எறக்கக் கூடாது, கெளம்பின எடத்துக்கே திரும்பினாலும் நடுவுல ஒரு வெளிநாட்டு மண்ணைத் தொட்டாகணும். கொரோனா சமயத்துல கனடா துறைமுகத்தை மூடினதும் அலாஸ்கா க்ரூஸ் மொத்தமும் நின்னுபோய், 2021ல தனியா ஒரு சட்டம் போட்டுத்தான் ஓட்டினாங்க. அந்த ரெண்டு மணி நேர விக்டோரியாவுக்காக நாங்க ரெண்டு பேரும் கனடா விசா எடுத்தோம், மக்களே. அந்தச் செலவுல ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கியிருக்கலாம்.

கடைசி நாள் இன்னொரு கூத்து. ஆளுக்கு தினமும் இவ்ளோன்னு டிப்ஸ் தானா பில்லுல ஏறும். அதை எடுத்துடச் சொல்லிக் கேக்க கவுண்டர்ல ஒரு வரிசை. அந்த வரிசையில நம்மாளுங்களும் உண்டு. பால்கனி ரூமுக்கு ஆயிரக்கணக்குல குடுத்துட்டு, பரிமாறினவன் காசுல கை வெக்கறாங்க. டிப்ஸ்ங்கிற ஏற்பாடே தப்பு, கம்பெனி ஒழுங்கா சம்பளம் குடுக்கணும்னு வாதாடுங்க, நானும் கூட நிக்கிறேன். ஆனா அந்த வாதத்தை தம்பியோட பாக்கெட்டுல இருந்து தொடங்காதீங்க.

ஊர்க்காரங்க கதை தனி. அலாஸ்காவோட தலைநகரம் ஜூனோ. கப்பல்லயோ விமானத்துலயோதான் போக முடியும், வெளியில இருந்து ரோடே கிடையாது. மக்கள்தொகை சுமார் 32,000. 2023ல அங்க வந்து எறங்கின க்ரூஸ் பயணிகள் 16 லட்சத்துக்கும் மேல. நாங்க போன அன்னிக்கு அஞ்சு கப்பல். துறைமுகத்தை ஒட்டின தெருவுல வரிசையா நகைக்கடை. பனிப்பாறை பாக்க வந்த ஊர்ல எதுக்கு இத்தனை வைரம்னு தங்கமணி கேட்டா, ஆனாலும் ரெண்டு கடை ஏறி எறங்கினா. ஒரு நாளைக்கு அஞ்சு பெரிய கப்பலுக்கு மேல வேண்டாம்னு ஊரும் கம்பெனிகளும் பேசி, 2024ல இருந்து அது நடைமுறைக்கு வந்துச்சு. அடுத்து, ஒரு நாளைக்கு இத்தனை பயணிகள்தான்னு 16,000க்கு (சனிக்கிழமையில 12,000க்கு) இன்னொரு ஒப்பந்தம், 2026ல இருந்து. க்ளேசியர் பே தேசியப் பூங்காவுல இன்னும் கறார், ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு க்ரூஸ் கப்பல். அங்க நாங்க நின்ன அந்த ஒரு மணி நேரம், மார்ஜரி பனிச்சுவர்ல இருந்து ஒரு துண்டு ஒடைஞ்சு விழுந்து, சத்தம் கொஞ்சம் லேட்டா வந்து சேர்ந்துச்சே... நாலாயிரம் பேர் இருந்த கப்பல் கப்சிப். அந்த அமைதி கெடைச்சதே அங்க கூட்டம் போட விடாததாலதான். வரம்பு போட்டா வியாபாரம் படுத்துடும்னு சொல்றவங்க ஒரு தடவை அங்க போய் நின்னு பாக்கட்டும்.

இப்படியெல்லாம் நியாயம் பேசிப் பேசியே அடுத்த வருஷம் ஃபெர்ரிக்கு அவளை ஒத்துக்க வெச்சேன்.

அலாஸ்கா மெரைன் ஹைவேன்னு பேரு. பேருதான் ஹைவே, இருக்கறதெல்லாம் கப்பல். ரோடு இல்லாத ஊர்களுக்கு ரோடு மாதிரி 1963ல இருந்து மாநில அரசு ஓட்டுது. சியாட்டிலுக்கு வடக்கே பெல்லிங்ஹாம்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறினோம். கெட்சிகன் போய்ச் சேரவே 38 மணி நேரம். அமெரிக்கக் கப்பல்ங்கறதால விக்டோரியா வேஷமெல்லாம் கிடையாது. கேபின் எடுக்காதவங்க மேல் தளத்துல, கூரையில ஹீட்டர் வெச்ச எடத்துல சாய்வு நாற்காலியில படுத்துக்கலாம். இல்லேன்னா திறந்த தளத்துல டெண்ட் போடலாம். இரும்புத் தரையில முளை அடிக்க முடியாதே, டேப் போட்டு ஒட்டணும். நான் டெண்ட் கட்சி. ஒட்டி முடிச்சு, எவரெஸ்ட் ஏறினவன் மாதிரி ஒரு போட்டோவும் எடுத்தேன்.

நெசமாவே நல்லா இருந்துச்சு. கூட வந்தவங்க யாரும் சுற்றுலாவுக்கு வேஷம் கட்டினவங்க இல்ல. வேலை மாத்தி குடும்பத்தோட போற வாத்தியார், லாரியில ஃப்ரிட்ஜ் ஏத்திக்கிட்டுப் போற ஆளு, சியாட்டில்ல ஆஸ்பத்திரி வேலையை முடிச்சுட்டு ஜூனோவுக்குத் திரும்புற ஒரு பாட்டி. பாட்டிக்கு தலைக்கு மேல பறக்குற சுற்றுலா ஹெலிகாப்டர் சத்தம் ஆகவே ஆகாது. அவங்க மருமகன் ஓட்டுறதே சுற்றுலா பஸ். அப்போ சனிக்கிழமைகள்ல பெரிய கப்பலே வரக் கூடாதுன்னு ஊர்ல பேச்சு. "எங்க வீட்டுலயே ரெண்டு ஓட்டும் ரெண்டு பக்கம்"னு சிரிச்சாங்க. (அந்த வருஷம் அக்டோபர்ல ஓட்டெடுப்பு நடந்து அது தோத்துப்போச்சு.)

ராங்கெல் ஊர் தாண்டினதும் ராங்கெல் நேரோஸ்னு ஒரு சந்து. 35 கிலோமீட்டர் நீளம், சிவப்பும் பச்சையுமா அறுபதுக்கும் மேல வழிகாட்டி அடையாளம். சில எடத்துல கரையில இருக்கிற வீட்டுக் கொடியில காயுற துணியோட கலர் தெரியும். பெரிய க்ரூஸ் கப்பல் அதுக்குள்ள வரவே முடியாது. கப்பல் மெதுவா வளைஞ்சு வளைஞ்சு போகுது, வெயில் சாயுது, நான் டப்பாவுல இருந்து புளியோதரையை எடுத்து வாயில போட்டுக்கிட்டே, "பாத்தியா, இதுதான் பயணம். இங்க யாரும் யாருக்கும் வேலைக்காரன் இல்ல"ன்னு ஒரு பிட்டைப் போட்டேன்.

தங்கமணி தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்தா. "இந்தக் கப்பல்லயும் க்ரூ இருக்காங்கப்பா. அது நான்தான்"னா.

வியாழக்கிழமை ராத்திரி ஒரு மணி வரைக்கும் அவ அடுப்படியில நின்னது அப்பதான் ஞாபகம் வந்துச்சு. புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு, மூணு நாளைக்கு. நான் அந்த நேரத்துல டெண்ட் ஒட்டறது எப்படின்னு வீடியோ பாத்துக்கிட்டு இருந்தேன். டெண்ட்டுக்குள்ள ராத்திரி குளிருல ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் அவ நடுங்கினா, அதையும் சொல்லல. தூத்துக்குடித் தம்பியோட மணிக்கணக்கை ஒப்பந்தத்தோட பேரோட ஒப்பிக்கத் தெரிஞ்ச எனக்கு, இவ மணிக்கணக்கு தெரியல.

அதுக்காக க்ரூஸ்தான் ஒசத்தின்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். கப்பல்களை ஊதிக்கிட்டே போறாங்க. 2024 ஜனவரியில வந்த ஐகான் ஆஃப் த சீஸ் சுமார் 2,48,000 டன் கொள்ளளவு, டைட்டானிக் மாதிரி அஞ்சை உள்ள வெக்கலாம். இந்தப் பக்கம் ஃபெர்ரிக்கு 2019ல பட்ஜெட்ல பெரிய வெட்டு, ஊழியர்கள் வேலை நிறுத்தம்னு சேவை சுருங்கிப்போச்சு. டிக்கெட் வாங்குற என் காசு ஃபெர்ரி பக்கம் போகணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா க்ரூஸ்ல போறவங்களைப் பாத்து "இது ஒரு பயணமா"ன்னு கேக்குற ஆளுங்க, பெரும்பாலும் ஆம்பளைங்க, தன் வீட்டுல டப்பா கட்டுறது யாருன்னு மொதல்ல பாத்துக்கணும். ஏழு நாள் அடுப்பைப் பாக்காம இருக்கிறதை ஒரு ஊரைப் பாக்கறதை விடப் பெரிசா நெனைக்கிறவங்க முட்டாள் இல்ல.

பஞ்சாயத்து இப்போ எந்த நிலைமைன்னா, அவ அப்பா அம்மா வரும்போது க்ரூஸ். மாமாவுக்கு மூட்டு வலி, டெண்ட்ல படுக்க வெச்சா என்னைக் கொன்னுடுவாங்க. டிப்ஸ்ல கை வெக்க மாட்டோம், தம்பி மாதிரி யாராவது கெடைச்சா கையில தனியாவும் குடுப்போம். நாங்க ரெண்டு பேரும் மட்டும் போனா ஃபெர்ரி, ஆனா கேபினோட. சாப்பாடு என் பொறுப்பு. அம்மாகிட்ட போன்ல கேட்டு புளிக்காய்ச்சல் ரெண்டு தடவை பண்ணிப் பாத்துட்டேன். மொதல் தடவை வெந்தயம் கருகிடுச்சு. ரெண்டாவதுக்கு தங்கமணி குடுத்த தீர்ப்பு: "பக் இருக்கு, ஆனா ரிலீஸ் பண்ணலாம்."

டிஸ்கி: இதைத் தங்கமணி படிச்சு ஓகே சொன்ன பிறகுதான் போடறேன். நகைக்கடை பத்தின வரியை எடுக்கச் சொன்னா. எடுக்கல.