நூலும் ஊசியும் வீண்பொழுதா?



சென்ற மார்கழியில், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூருக்கு வீட்டுச் சந்திப்புக்காகச் சென்றிருந்தேன். பொழுது சாயுமுன்னே குளிர் இறங்கிவிட்டது. திண்ணையில் ஒரு மூதாட்டி நான்கு பழைய நூல்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். போர்வை ஏறக்குறைய முடியும் நிலையில் இருந்தது. ஒவ்வொரு துணியையும் தொட்டுக் காட்டினார். ஒன்று மகளின் கல்யாணச் சேலை, மற்றொன்று பேரனுக்குத் தூளி கட்டிய சேலை. அவருடைய மகன் மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளம் போயிருந்தான். பல நாட்களாக அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. "கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ போவுது ஐயா" என்றார்.

அடுத்த வாரம் சபைக் குழுவில், பெண்கள் ஐக்கியத்தார் வாரம் ஒருநாள் மாலை கூடித் தையல், பின்னல், ஒயர்கூடை முதலியவற்றைச் செய்ய அனுமதி கேட்டார்கள். மூப்பர் ஒருவர் நல்ல எண்ணத்தோடே ஒரு கேள்வி எழுப்பினார்: "ஜெபிக்க வேண்டிய நேரத்தில் பின்னல் வேலையா?" அவருடைய பக்திவைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவருடைய கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அதன் காரணத்தை உங்கள் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, வேதம் கைவேலையைக் கீழானதாகப் பார்க்கவில்லை. ஆசரிப்புக் கூடாரம் எழும்பினபோது, ஞான இருதயமுள்ள பெண்கள் தங்கள் கைகளால் நூற்ற நூலைக் காணிக்கையாகக் கொண்டுவந்ததை யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நூல் நூற்கும் திறமையை அங்கே ஞானம் என்றே வேதம் அழைக்கிறது. பவுல் அப்போஸ்தலன் ஊழியத்தின் நடுவிலும் கூடாரம் செய்யும் தொழிலைச் செய்தார். சிலுவையடியில் போர்ச்சேவகர் கிழிக்க மனமில்லாமல் சீட்டுப்போட்ட அங்கியும், தையலின்றி மேலிருந்து கீழ்வரை நெய்யப்பட்டதாகவே இருந்தது. அதை நெய்த கை யாருடையது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் ஆண்டவர் அதைத் தரித்தார்.

இரண்டாவது, நம் தமிழ்ச் சபைகளின் வரலாற்றில் நூலுக்கு ஓர் இடம் உண்டு. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். திண்டு ஒன்றின்மேல் கோலம் வரைந்த தாளை விரித்து, அதன் வழியே குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற நுட்பமான வேலை அது. ஒரு சாண் நீளத்துக்கே பல நாள் பிடிக்கும்.

அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை வழக்கில் இருந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, ரேந்தை விற்ற பணத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் இருந்தார்கள். மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, இந்தக் கலையும் அவரோடு திருநெல்வேலிச் சீமைக்குப் போயிற்று. கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கண நூலை உலகம் அறியும். அதே வீட்டின் மறுபக்கத்தில் பெண்பிள்ளைகள் நூலும் கட்டையுமாக உட்கார்ந்திருந்ததைச் சிலரே நினைக்கிறார்கள்.

ஆயினும் இந்த வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆந்திரத்தின் நரசாபூரிலும் மிஷனெரிகள் வழியாகவே லேஸ் பின்னும் தொழில் பரவியது. அங்குள்ள பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பெண்கள் நாள்முழுதும் பின்னினார்கள். அவர்களுடைய சரக்கு கடல்கடந்து விலைபோயிற்று. ஆனால் அவர்கள் "வீட்டில் சும்மா இருக்கிறவர்கள்", அவர்கள் செய்வது "ஓய்வுநேர வேலை" என்று சொல்லப்பட்டதால், கூலி மிகச் சொற்பமாகவே கிடைத்தது. ஓரிடத்தில் விடுதலையை வாங்கித் தந்த அதே நூல், வேறோரிடத்தில் உழைப்பை மறைக்கும் திரையாயிற்று. ஆகவே, கைவேலையை வீண்பொழுது என்று நாம் இலேசாகச் சொல்லிவிடும்போது, ஒரு பெண்ணின் உழைப்புக்கு விலையில்லை என்று தீர்ப்பளிக்கிறோம் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அப்படியானால், விற்றுக் காசாக்கினால்தான் கைவேலைக்கு மதிப்பா? அதுவும் அல்ல என்பதே என் மூன்றாவது கருத்து. நம் தாய்மார் பலருடைய வீட்டில் அவர்களே பின்னிய ஒயர்கூடை ஒன்று இன்றும் இருக்கும். நெல்லிக்காய் முடிச்சு போடக் கற்றுக்கொண்ட நாளை அவர்கள் சந்தோஷத்தோடு சொல்லுவார்கள். குழந்தை பிறக்குமுன் குரோஷா ஊசியால் பின்னிய சிறு தொப்பியைப் பெட்டியில் பத்திரப்படுத்தியவர்களும் உண்டு. எவரும் அவற்றை விலை பேசவில்லை. சிருஷ்டித்த தேவன் தம் கிரியையைப் பார்த்து, அது நல்லது என்று கண்டார். தன் கை உண்டாக்கியதை விரித்துப் பார்த்து மகிழும் மனுஷனிலும் அந்தச் சாயலின் ஒரு துளி இருக்கிறது. அந்த மகிழ்ச்சிக்காக ஒருவரும் வெட்கப்படவேண்டியதில்லை. இது பெண்களுக்கு மட்டும் உரியதென்று நினைத்து ஆண்கள் ஒதுங்கவும் வேண்டாம்.

இப்போது நம் ஊரின் காயத்துக்கு வருகிறேன். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்து எழுந்த அழுகையை நாம் மறக்கமுடியாது. செய்தியாளர்கள் போய்விட்டார்கள். நிவாரணத் தொகைக்கும் கணக்கு முடிந்தது. ஆனால் பிள்ளைகள் உறங்கிய பிறகு நீளும் அந்த இரவுகளை அந்த விதவைகள் தனியாகவே கடக்கிறார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளை நாம் அறிவோம். அவள் மரித்தபோது பேதுருவைச் சூழ்ந்து நின்றவர்கள் விதவைகளே. அவள் உயிரோடிருந்தபோது செய்துகொடுத்த உடைகளைக் காட்டி அவர்கள் அழுதார்கள். அவள் பிரசங்கித்ததாக அங்கே எழுதப்படவில்லை. அவளுடைய தையலே அவளுக்குச் சாட்சியாயிற்று. அவள் அவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொருவருடைய அளவையும் அறிந்து தைத்திருக்கவேண்டும்.

ஒரு போர்வை துக்கத்தைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வருமானத்துக்கும் நீதிக்கும் அது மாற்றாகாது. ஆனால் துக்கத்திலிருப்பவரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசச் சொன்னால் வாய் திறப்பதில்லை. கண் ஊசியின்மேல் இருக்கும்போது, கேட்காமலே சொல் வருகிறது. பக்கத்திலிருப்பவரும் தலை நிமிராமல் கேட்டுக்கொள்கிறார். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இதையும் ஒரு ஜெபக்கூட்டம் என்றே நான் கருதுகிறேன்.

ஆகையால், வரும் புதன்கிழமை மாலைமுதல் சபை மண்டபம் இதற்காகத் திறந்திருக்கும். வீட்டிலுள்ள பழைய சேலைகளைத் துவைத்துக் கொண்டுவாருங்கள். சபை வேறுபாடும் மத வேறுபாடும் பாராமல் அண்டைவீட்டாரையும் அழைத்துவாருங்கள். செய்ததை விற்க விரும்புகிறவர்களுக்கு விலை முழுவதும் அவர்கள் கையிலேயே சேரவேண்டும். அதில் சபைக்குப் பங்கு வேண்டாம் என்பது என் உறுதியான வேண்டுகோள். மூப்பர் ஐயாவையும் அன்போடு அழைத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மலைமேல் இருக்கும் அந்தத் தாயாரின் மகன் பொங்கலுக்கு வீடு திரும்பினான் என்று கேள்விப்பட்டேன். அந்தப் போர்வை அவனுக்கே தைக்கப்பட்டதாம்.

நம்முடைய கைகளின் கிரியையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.